வாளி வண்டி

வாளி வண்டி அல்லது பக்கெட் டிரக் என்பது, ஆள் நின்று வேலை செய்வதற்கான வாளி போன்ற கூண்டு ஒன்றை, நீண்ட இயந்திரக் கையின் நுனியில் தாங்கிய சுமையுந்து ஆகும். மின்கம்பம், தெருவிளக்கு, மரக்கிளை, விளம்பரப் பலகை முதலிய உயரமான இடங்களுக்கு ஒருவரையோ இருவரையோ கருவிகளுடன் தூக்கிச் செல்ல இது பயன்படுகிறது. கிரேன் பொருளைத் தூக்குவது. வாளி வண்டி ஆளைத் தூக்குவது. இதன் அமைப்பும் சோதனை முறைகளும் சட்ட விதிகளும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

ஏணியிலோ கம்பத்திலோ நிற்பவரின் உடல்வலுவில் பெரும்பகுதி விழாமல் நிற்பதற்கே செலவாகிறது. வாளியில் நிற்பவருக்கு இரு கைகளும் வேலைக்குக் கிடைக்கின்றன. இவ்வூர்தி பல தொழில்களில் பரவியதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. எனினும் உயரத்தின் ஆபத்தை இது முற்றிலும் நீக்கிவிடவில்லை. சில ஆபத்துகளை நீக்கி, வேறு சிலவற்றைப் புதிதாகக் கொண்டுவந்துள்ளது.

பெயர்

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கு "செர்ரி பிக்கர்", அதாவது செர்ரி பறிப்பான், என்ற பெயரும் உண்டு. இது பட்டப்பெயர் போலத் தோன்றினாலும் இதன் தோற்றத்தோடு தொடர்புடைய பெயராகும். இந்திய நகரங்களில் தெருவிளக்குப் பணியாளர்களும் வாடகைக்கு விடுவோரும் "ஸ்கை லிஃப்ட்" என்றே அழைக்கின்றனர்.

வரலாறு

இவ்வூர்தி வருவதற்கு முன்னர் அமெரிக்க லைன்மேன்கள் காலணியோடு இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டு, அதை மரக்கம்பத்தில் குத்திக் குத்தி ஏறினர். இடுப்பைக் கம்பத்தோடு சுற்றிய தோல்பட்டையில் சாய்ந்தபடியே மணிக்கணக்கில் வேலை செய்தனர். வண்டி செல்ல இயலாத இடங்களில் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. பயிற்சிப் பள்ளிகள் இன்றும் முதலில் கம்பம் ஏறவே கற்றுத் தருகின்றன.

இயந்திரக் கையில் ஆளைத் தூக்கும் எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களுள் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜே ஐடெல் குறிப்பிடத்தக்கவர். செர்ரிப் பழம் பறிப்பதற்காக ஏணியை நாள்முழுதும் மரத்துக்கு மரம் நகர்த்திச் சலித்தபின் அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியது என்பர். இக்கருவியை உற்பத்தி செய்ய அவர் 1953 ஆம் ஆண்டு சன்னிவேல் நகரில் டெல்ஸ்டா நிறுவனத்தைத் தொடங்கினார். பழத்தோட்டத்துக்காகப் பிறந்த கருவியைத் தொலைபேசி நிறுவனங்களும் மின் நிறுவனங்களும் பெருமளவில் ஏற்றுக்கொண்டன.

1958 ஆம் ஆண்டு சிகாகோ தீயணைப்புத் துறையின் தலைவர் ராபர்ட் குவின், இத்தகைய மடங்கும் கையொன்றில் நீர்க்குழாயைப் பொருத்தித் தீயணைப்பில் பயன்படுத்தினார். அது "ஸ்நார்கெல்" என்று பெயர் பெற்று, பின்னர் உலகின் பல தீயணைப்புத் துறைகளுக்குப் பரவியது. 1961 மே 5 அன்று ஆலன் ஷெப்பர்ட் விண்வெளிக்குப் புறப்பட்டபோது, ஏவுதளத்தில் ஒரு செர்ரி பிக்கர் நிறுத்தப்பட்டிருந்தது. பராமரிப்புக் கோபுரம் விலக்கப்பட்ட பிறகு ஏவூர்தியில் கோளாறு நேர்ந்தால் அவரை இறக்கிக் கொண்டுவர வேறு வழி இல்லாததே காரணம். முதல் அமெரிக்க விண்வெளி வீரரின் அவசர வழி, பழம் பறிக்கும் கருவியின் வழித்தோன்றலாக இருந்தது.

அமைப்பு

கை இருவகைப்படும். முழங்கை போல மடங்கி விரிவது ஒருவகை. ஒன்றனுள் ஒன்று செருகிய குழல்கள் போல நீண்டு சுருங்குவது மற்றொருவகை. மடங்கும் கை, கம்பிகளையும் கிளைகளையும் சுற்றி வளைத்துச் செல்ல ஏற்றது. நீளும் கை நேர்க்கோட்டில் விரைவாகச் சென்றடைய ஏற்றது. இரண்டையும் இணைத்த வடிவங்களும் உண்டு. கையின் அடிப்பகுதி ஒரு சுழல்மேடையில் பொருத்தப்பட்டிருக்கும்.

வண்டியின் எஞ்சினிலிருந்து பெறும் விசையால் எண்ணெய்ப் பம்பு ஒன்று இயங்குகிறது. அழுத்தப்பட்ட எண்ணெய், ஹைட்ராலிக் உருளைகளைத் தள்ளிக் கையை உயர்த்துகிறது. எண்ணெய்க் குழாய் வெடித்தால் கை சடாரென்று கீழே விழாதிருக்க, உருளையிலேயே பொருத்தப்பட்ட தடுப்பு வால்வு எண்ணெயைப் பூட்டி வைக்கும். எஞ்சின் நின்றுபோனால் மேலே உள்ளவரை இறக்குவதற்கு மின்கலத்தில் இயங்கும் துணைப் பம்பு ஒன்று பல வண்டிகளில் உண்டு. கையின் சாய்வு மாறும்போதும் வாளி செங்குத்தாகவே இருக்கவேண்டும். இதற்காகக் கையினுள் இணைத்தண்டுகளோ சங்கிலிகளோ தனி ஹைட்ராலிக் உருளைகளோ அமைக்கப்படுகின்றன.

இயக்குவிசைகள் வாளியிலும் உண்டு, கீழே வண்டியிலும் உண்டு. வாளியில் இருப்பவர் மயங்கிவிட்டாலோ மின்னதிர்ச்சிக்கு ஆளானாலோ, கீழே உள்ள விசை மேலே உள்ளதை மீறிச் செயல்படவேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி. ஆனால் அவசரம் இல்லாத நேரத்தில், மேலே உள்ளவரின் அனுமதியின்றிக் கீழ்விசையைத் தொடக்கூடாது. மின்கம்பிக்கு அருகே இருப்பவரை அவர் எதிர்பாராத நேரத்தில் ஒரு முழம் நகர்த்துவதும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

அமெரிக்க மின்வழங்கல் பணிகளில் பொதுவாகக் காணப்படும் வண்டிகள் ஏறத்தாழ 10 முதல் 20 மீட்டர் உயரத்தை எட்டுவன. ஒருவர் நிற்கும் வாளியின் கொள்திறன் பெரும்பாலும் 135 முதல் 160 கிலோகிராம் வரை. இது ஆளின் எடை மட்டும் அன்று. உடை, கருவிப்பை, ரப்பர் விரிப்பு, கையில் எடுத்துச் செல்லும் உதிரிப்பாகம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். கை நீள நீள, வண்டியைக் கவிழ்க்க முயலும் திருப்புவிசை கூடுகிறது. ஆகவே பெரிய வண்டிகளின் இருபுறமும் ஊன்றுகால்கள் இறக்கப்படுகின்றன. அமெரிக்காவின் ஏஎன்எஸ்ஐ ஏ92.2 என்ற தரம், சமதரையில் கொள்திறனைப் போல் ஒன்றரை மடங்கு சுமையையும், 5 பாகை சரிவில் ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேற்பட்ட சுமையையும் கவிழாமல் தாங்கவேண்டும் என்கிறது. ஊன்றுகாலின் கீழுள்ள மண் உறுதியானதா என்பதை எந்தத் தரமும் சொல்ல இயலாது. அதைப் பார்க்கவேண்டியவர் ஓட்டுநரே.

மின்காப்பு

வாளி வண்டியைப் பற்றிப் பரவலாக உள்ள தவறான எண்ணம், கண்ணாடியிழைக் கை உடைய வண்டியில் நிற்பவரை மின்சாரம் தாக்காது என்பதாகும். உண்மை இதைவிடக் குறுகியது.

மின்னோட்டம் பாய்வதற்கு முழுமையான பாதை ஒன்று வேண்டும். வாளியில் நிற்பவர் உயிரோட்டமுள்ள மின்கம்பியைத் தொட்டால், கம்பி, உடல், வாளி, கை, வண்டி, நிலம் என்று ஒரு பாதை உருவாகக்கூடும். கையின் ஒரு பகுதியைக் கண்ணாடியிழையால் செய்வதன் மூலம் இப்பாதை துண்டிக்கப்படுகிறது. பல வண்டிகளில் கீழ்க்கையிலும் ஒரு கண்ணாடியிழைத் துண்டு செருகப்படுகிறது. மேற்கை தப்பி, கீழ்க்கை ஒரு கம்பியில் உரசினாலும் வண்டிக்கு மின்சாரம் இறங்காமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. உள்ளே செல்லும் எண்ணெய்க் குழாய்களும் மின்கடத்தாப் பொருளால் ஆனவையே.

ஆனால் அதே பணியாளரின் ஒரு கை கம்பியிலும், மறுகை நிலத்தோடு இணைந்த இரும்புக் குறுக்குச் சட்டத்திலும் பட்டால், மின்னோட்டம் வண்டியின் பக்கமே வருவதில்லை. அது ஒரு கையில் நுழைந்து மார்பின் வழியே மறுகையில் வெளியேறுகிறது. மும்முனை மின்சாரத்தின் இரு கம்பிகளை ஒரே நேரத்தில் தொட்டாலும் இவ்வாறே. இவ்விரு நிலைகளிலும், பல மீட்டர் நீளமான கண்ணாடியிழைக் கையினால் ஒரு பயனும் இல்லை.

மற்றொரு நுட்பமும் உண்டு. கையின் நுனியில் வாளியைத் தாங்கும் பகுதி, மின்மாற்றியைத் தூக்குவதற்கான சிறு பளுதூக்கி, இயக்குவிசையின் நெம்புகோல் ஆகியவற்றில் உலோகம் உண்டு. இவ்வுலோகப் பகுதி பணியாளரின் முதுகுப்புறத்தில் ஒரு கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்க, அவர் முன்புறத்தில் மற்றொரு கம்பியைத் தொட்டபடி நெம்புகோலைப் பிடித்தால் மின்சுற்று நிறைவடைந்துவிடும். இதைக் குறைக்கவே புதிய வண்டிகளில் நெம்புகோல்கள் உயர்ந்த மின்தடை உடைய பொருளால் செய்யப்படுகின்றன. அதையும் முதன்மைப் பாதுகாப்பாகக் கொள்ளலாகாது.

ஆகவே வழங்கல் கம்பிகளில் வேலை செய்வோருக்கு முதன்மைக் காப்பு ரப்பர் கையுறையும், அருகிலுள்ள கம்பிகளின் மேல் போர்த்தும் ரப்பர் விரிப்புகளுமே. வண்டியின் கை இரண்டாம் நிலைக் காப்பு ஆகும். கையுறைகள் தாங்கும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப வகுக்கப்பட்டுள்ளன. 0 ஆம் வகுப்பு 1,000 வோல்ட் வரையிலும், 4 ஆம் வகுப்பு 36,000 வோல்ட் வரையிலும் பயன்படுத்தத் தக்கது. ரப்பரில் குண்டூசித் துளை இருந்தாலும் தெரியும்படி, அணியும் முன் கையுறையினுள் காற்றை அடைத்துப் பார்ப்பர்.

உயரழுத்தக் கடத்தல் கம்பிகளில் நிலைமை தலைகீழானது. அங்கே எந்தக் கையுறையும் போதாது. ஆதலால் பணியாளர் மின்கடத்தும் இழை கலந்த உடை அணிந்து, தம்மையும் வாளியின் உட்புற உலோக வலையையும் கம்பியோடு இணைத்துக்கொண்டு, கம்பியின் மின்னழுத்தத்தையே தாமும் அடைகிறார். மின்கம்பியில் அமரும் பறவைக்கு நேர்வதே இவருக்கும் நேர்கிறது. அமெரிக்காவில் 1960களில் பரவிய இந்த "வெறுங்கை" முறையில் வண்டியின் கைதான் முதன்மைக் காப்பு. அதனால் விதியும் கடுமையானது. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன், ஆளில்லா வாளியை அதே அளவு மின்னழுத்தமுள்ள கம்பியில் குறைந்தது 3 நிமிடம் தொட வைத்து, கையின் வழியே கசியும் மின்னோட்டத்தை அளக்கவேண்டும். கம்பிக்கும் நிலத்துக்கும் இடையிலான ஒவ்வொரு கிலோவோல்ட்டுக்கும் 1 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் கசிந்தால் அன்று அவ்வண்டியைப் பயன்படுத்தலாகாது. கண்ணாடியிழையின் மேல் படிந்த தூசியும் ஈரமும் கூடக் கசிவைக் கூட்டிவிடும். ஆதலால் கையைத் துடைத்துச் சுத்தமாக வைப்பது பாதுகாப்புப் பணியேயாகும்.

கீழே நிற்பவரின் நிலை பலரும் எண்ணிப் பாராதது. வண்டி மின்னூட்டம் பெற்றுவிட்டால், வாளியில் இருப்பவரைக் காட்டிலும், தரையில் நின்றபடி வண்டியின் கதவைத் தொடுபவருக்கே ஆபத்து மிகுதி. ஓட்டுநர் உள்ளே இருந்தால் மின்சாரம் நிறுத்தப்படும்வரை உள்ளேயே இருக்கவேண்டும். தீப்பிடித்தல் போன்ற காரணத்தால் வெளியேறியே ஆகவேண்டுமெனில், வண்டியையும் நிலத்தையும் ஒருசேரத் தொடாதவாறு இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, அடிகளை உயர்த்தாமல் சிறிது சிறிதாக நகர்ந்து விலகவேண்டும். கால்களை அகல வைத்தால், நிலத்தின் இரு புள்ளிகளுக்கு இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடே உடலில் மின்னோட்டத்தைச் செலுத்திவிடும்.

மின்வழங்கலில் பயன்பாடு

வாளி வண்டிகளின் மிகப்பெரிய பயனர்கள் மின் நிறுவனங்களே. மின்காப்பி மாற்றுதல், மின்மாற்றி பொருத்துதல், உருகி மாற்றுதல், அறுந்த கம்பியை இணைத்தல் ஆகிய பணிகளை, பல நேரங்களில் மின்சாரத்தை நிறுத்தாமலே செய்ய இவை உதவுகின்றன.

புயலுக்குப் பின்னரே இவற்றின் தேவை முழுமையாகத் தெரியவருகிறது. அமெரிக்க மின் நிறுவனங்கள் தமக்குள் உதவி ஒப்பந்தங்கள் செய்துகொண்டுள்ளன. புயல் வருமுன்பே வேறு மாநிலங்களிலிருந்து வாளி வண்டிகள் வரிசையாக நெடுஞ்சாலைகளில் புறப்படும். 2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் நியூயார்க், நியூ ஜெர்சி பகுதிகளைத் தாக்கியபோது, கலிபோர்னியாவிலிருந்து சாலை வழியே வரப் பல நாட்கள் ஆகும் என்பதால், அமெரிக்க விமானப்படையின் சி-5, சி-17 சரக்கு வானூர்திகளில் ஏறத்தாழ 70 வண்டிகள் ஏற்றிக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் வாளி வண்டிகள் முக்கியமானவை.

ஆயினும் காற்று ஓயும்வரை இவை காத்திருக்கவேண்டும். காற்று மணிக்கு 30 முதல் 35 மைல், அதாவது ஏறத்தாழ 50 முதல் 55 கிலோமீட்டர், வேகத்துக்கு மேல் வீசும்போது வாளியை உயர்த்துவதில்லை என்பதே பல நிறுவனங்களின் வழக்கம். மழை நின்றும் வண்டி வாசலிலேயே நிற்பதைக் கண்டு நுகர்வோர் கோபம் கொள்வதுண்டு. காரணம் பெரும்பாலும் மேலே வீசும் காற்றே.

மரப் பராமரிப்பு

மின்கம்பிகளை ஒட்டி வளரும் கிளைகளை வெட்டுவது தனித்தொழிலாகவே வளர்ந்துள்ளது. இதற்கான வண்டிகளில், வெட்டிய கிளைகளைத் துகளாக்கிச் சேர்க்கும் பெட்டியும் பின்புறம் இருக்கும். வாளியிலிருந்தே ஹைட்ராலிக் இரம்பத்தை இயக்கலாம். இப்பணியைத் தள்ளிப்போடுவதன் விலை 2003 ஆகஸ்ட் 14 அன்று தெரிந்தது. ஒகையோ மாநிலத்தில் 345 கிலோவோல்ட் கம்பிகள் சில, சுமையால் தொய்ந்து, வெட்டப்படாமல் வளர்ந்திருந்த மரங்களைத் தொட்டுச் செயலிழந்தன. கணினி எச்சரிக்கை அமைப்பு ஒன்றின் கோளாறும் சேர்ந்துகொள்ள, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர்.

வானூர்தி நிலையங்கள்

குளிர்நாடுகளில், வானூர்தியின் இறக்கைமேல் படியும் பனி காற்றோட்டத்தைக் குலைத்து மேலெழும் விசையைக் குறைத்துவிடும். எனவே புறப்படுமுன், வாளி வண்டியில் உயர்ந்து நிற்பவர், சூடாக்கிய கிளைக்கால் கலவையைப் பீய்ச்சிப் பனியை நீக்குவார். இங்கே மின்சாரம் ஆபத்தன்று. தகவல் பிழையே ஆபத்து. 1995 சனவரி 21 அன்று கனடாவின் மிராபெல் வானூர்தி நிலையத்தில், பனிநீக்கம் முடியுமுன்பே போயிங் 747 ஒன்று நகரத் தொடங்கியதால் வண்டிகள் கவிழ்ந்து, பணியாளர் மூவர் உயிரிழந்தனர். விமானிக்கும் பனிநீக்கக் குழுவுக்கும் இடையே தெளிவான வானொலித் தொடர்பும், வண்டிகள் விலகிவிட்டன என்ற உறுதிமொழியும் இன்றி வானூர்தி நகரலாகாது என்பதை இவ்விபத்து உணர்த்தியது.

பிற துறைகள்

தொலைபேசி, கேபிள் தொலைக்காட்சி நிறுவனங்கள் சிறிய, நீளும் கை உடைய வண்டிகளைப் பயன்படுத்துகின்றன. அவர்களது கம்பிகள் மின்கம்பிகளுக்குக் கீழே செல்வதால் அதிக உயரம் தேவைப்படுவதில்லை. பல வண்டிகளில் மின்காப்பும் இருப்பதில்லை. மின்காப்பற்ற வண்டியைக் கடன் வாங்கி மின்பணிக்குச் செலுத்துவது பெருந்தவறு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

நகராட்சிகள் தெருவிளக்கு, போக்குவரத்து விளக்கு ஆகியவற்றுக்கும், விளம்பர நிறுவனங்கள் பலகைகளுக்கும், திரைப்படத்துறையினர் இரவுக் காட்சிகளில் விளக்குகளை உயர்த்தவும் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். பாலங்களின் அடிப்பகுதியை ஆராயும் வண்டிகளில் கை மேலே செல்வதற்கு மாறாக, பாலத்தின் விளிம்பைத் தாண்டி வளைந்து கீழே செல்கிறது. தீயணைப்புத் துறையில் இவ்வகைக் கை வியத்தகு உயரத்தை எட்டியுள்ளது. பின்லாந்தின் பிராண்டோ ஸ்கைலிஃப்ட் நிறுவனத்தின் மிக உயரமான மேடை 112 மீட்டர் வரை செல்லக்கூடியது.

கவிழ்தலும் தூக்கியெறிதலும்

மின்சாரம் தவிர்ந்த விபத்துகளுள் இரண்டு முக்கியமானவை. முதலாவது, மென்மையான மண்ணிலோ சரிவிலோ வண்டி கவிழ்வது. இரண்டாவது, வாளியிலிருந்து ஆள் தூக்கியெறியப்படுவது. கை ஒரு கிளையில் சிக்கி வளைந்து, பின் சட்டென விடுபட்டால், அது கவண்வில் போல வாளியை உதறிவிடும். கடந்து செல்லும் சுமையுந்து கையில் மோதினாலும் இதுவே நேரும். ஆதலால் உடற்பட்டை அணிந்து, அதன் கயிற்றைக் கையிலோ வாளியிலோ மாட்டிக்கொள்வது கட்டாயம். அருகிலுள்ள கம்பத்தில் மாட்டுவதற்குத் தடை உண்டு. வாளி நகர்ந்தால் கயிறே ஆளை வெளியே இழுத்துவிடும். வாளியின் விளிம்பில் ஏறி நிற்பதும், எட்டாத உயரத்துக்கு வாளியினுள் ஏணி வைப்பதும் தடைசெய்யப்பட்டவை. இத்தடைகள் எழுத்தில் இருப்பதே, யாரோ அவற்றைச் செய்து பார்த்திருக்கின்றனர் என்பதைக் காட்டுகிறது.

இந்தியாவில்

இந்திய நகரங்களில் இவ்வூர்தி பெரும்பாலும் தெருவிளக்குப் பணியோடு தொடர்புடையதாகவே அறியப்படுகிறது. மின்மயமாக்கப்பட்ட இருப்புப்பாதைகளில் 25 கிலோவோல்ட் மேல்நிலைக் கம்பிகளைப் பராமரிக்க, தண்டவாளத்தில் ஓடும் "டவர் வேகன்" என்ற தனி ஊர்தி உண்டு. உயரும் மேடை உடையதெனினும் அது வாளி வண்டி அன்று.

மின்வழங்கல் பணியில் ஏணியும் கயிறுமே இன்னும் முதன்மை பெறுகின்றன. கம்பியில் வேலை செய்யுமுன் மின்சாரத்தை நிறுத்தி, "லைன் கிளியர்" பெற்று, கம்பியை நிலத்தோடு இணைத்த பின்னரே ஏறவேண்டும் என்பது முறை. தமிழ்நாட்டில் பராமரிப்புக்காகப் பகல்நேர மின்தடை அறிவிக்கப்படுவது இம்முறையின் விளைவே. மின்சாரத்தை நிறுத்தாமல் வேலை செய்ய மின்காப்புள்ள வண்டி, கையுறை, பயிற்சி, அன்றாடச் சோதனை ஆகிய அனைத்தும் ஒருங்கே வேண்டும். வண்டியை மட்டும் வாங்குவது போதாது.

வண்டி செல்லச் சாலையும் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், காவிரிப் படுகையிலும் அதை அடுத்த மாவட்டங்களிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அவற்றுள் பல வயல்களின் நடுவே நின்றவை. அங்கே புதிய கம்பங்கள் சேற்றில் ஆட்களின் தோளில் சுமந்து செல்லப்பட்டே நடப்பட்டன.